எல்லை வரப்பில் தங்கிய மண்

ஹைதராபாத் பக்கம் மரமும் பயிரும் சேர்ந்த நிலங்களைப் பார்க்க ஒருநாள் பயணம் போகலாமா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நான் அப்படிப் போனது 1985 ஜூன் கடைசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஊர் பார்க்க அல்ல, ஒரு சண்டையை விலக்க.

பத்மா அக்காவின் கணவர், நாங்கள் மாமா என்று கூப்பிடுபவர், வேலூர்க்காரர். ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்று சைனிக்புரியில் வீடு கட்டியவர். கீசராவுக்கு அப்பால் ஒரு செம்மண் சரிவை வாங்கி, சோளத்துக்கும் துவரைக்கும் இடையே வேம்பும், ஆட்டுக்குத் தழை தரும் சுபாபுல் மரமும் வரிசையாக வைத்திருந்தார். மேட்டுப் பக்கம் அஞ்சையாவின் நிலம். எல்லை வரப்பில் இருந்த மாமாவின் மரங்கள் அவருடைய மக்காச்சோளத்தின் மேல் நிழல் போட்டன. வெட்டச் சொன்னார், மாமா மறுத்தார். இரண்டு மாதமாகப் பேச்சில்லை. தானே வெட்டிவிடப் போவதாக அஞ்சையா ஊரில் சொல்லிக்கொண்டிருந்தார்.

காலை ஆறரைக்கு ஹப்சிகுடாவில் பஸ் ஏறி சைனிக்புரி போனேன். அங்கிருந்து அக்கா, மாமா, நான் மூவரும் கீசரா பஸ்ஸைப் பிடித்தோம். சுமார் பதினைந்து கிலோமீட்டர்தான், ஆனால் அந்த பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் ஆகும். இறங்கி இரண்டு கிலோமீட்டர் நடை. முந்தின இரவு பெருமழை. செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

வழியில் அக்கா கேட்டாள்: "அஞ்சையா சொல்றது நெஜமா, இல்லையா? போன வருஷம் வரப்பு ஓரத்துல அவருக்குக் கதிரே புடிக்கல."

"நெஜம்தான். அதுக்காக ஆறு வருஷ மரத்த வெட்டிடணுமா?" என்றார் மாமா.

நிலத்தை அடைந்ததும் நேரே எல்லை வரப்புக்குப் போனோம். அஞ்சையாவின் மேட்டு நிலத்தில் ஒரு மரம்கூட இல்லை. மழை அதில் விரலளவு ஓடைகளை அறுத்து, விதையோடு மேல்மண்ணை வாரிக்கொண்டு வந்திருந்தது. வந்த மண் முழுவதும் எங்கள் மரங்களின் அடியில், வேரிலும் உதிர்ந்த சருகிலும் சிக்கிக் குவிந்து கிடந்தது. வரப்பைத் தாண்டி மாமாவின் பயிருக்குள் வந்தது கலங்கல் தண்ணீர் மட்டுமே. அதுவும் பல இடங்களில் அப்போதே உள்ளே இறங்கியிருந்தது.

அஞ்சையா அங்கேதான் உட்கார்ந்திருந்தார். கையில் கோடரி இல்லை. ஒரு பிடி மண்ணை எடுத்துக் காட்டினார்.

"ஈ மட்டி நாதி, சார்." இந்த மண் என்னுடையது என்றார் தெலுங்கில்.

மாமா விறைப்பாக நின்றார். "என் மரம் புடிச்சி வச்சது" என்று தமிழில் முணுமுணுத்தார்.

அக்கா விடவில்லை. "மண்ணு யாருதோ அவருக்குக் குடுங்க. மரம் இல்லன்னா அது ஏரிக்குப் போயிருக்கும், அது அவருக்கும் தெரியும். நீங்க நெழலுக்கு ஒரு வழி சொல்லுங்க."

மாமா வரப்போடு நடந்து மேட்டுப் பக்கம் சாய்ந்த கிளைகளைப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு அஞ்சையாவிடம் அந்தப் பக்கத்து உருதுவான தக்கினியில் சொன்னார்: உன் பக்கம் சாயும் கிளைகளை நீயே கழித்துக்கொள், தழையை உன் ஆடுகளுக்கு எடுத்துக்கொள், அடிமரத்தில் மட்டும் கை வைக்காதே.

"ஹவ், சாப்", சரி ஐயா, என்றார் அஞ்சையா. சிரிக்கவில்லை. ஆனால் எழுந்து போய்க் கூடைகளைக் கொண்டுவந்தார். மதியம்வரை நாங்கள் நால்வரும் அந்த மண்ணை மேலே அவர் நிலத்துக்கே சுமந்தோம். என் முதுகு ஒரு வாரம் வலித்தது.

அந்த வருடம் அவருக்குப் பாதி விளைச்சல்கூட வரவில்லை. மரம் வைத்தால் எல்லாம் சரியாகும் என்று எழுத எனக்கு மனம் வராதது அதனால்தான். நிழல் உண்மையான நஷ்டம். வேர் பக்கத்துப் பயிரின் நீரையும் குடிக்கும். ஆனால் மண்ணை நிறுத்தவும், மழையை உள்ளே இறக்கவும், கோடையில் ஆட்டுக்குத் தழை தரவும் அந்தச் சரிவில் வேறு எதுவும் இல்லை. இரண்டு வருடம் கழித்துப் போனபோது அஞ்சையா தன் நிலத்தின் நடுவிலேயே சரிவுக்குக் குறுக்காக ஒரு வரிசை சுபாபுல் வைத்திருந்தார். மாமாவின் மரத்து விதை.

போகிறவர்கள் முதல் பெருமழைக்கு மறுநாள் போங்கள்; வெயில் காலத்தில் பார்த்தால் ஒன்றும் புரியாது. தண்ணீரும் தொப்பியும் வேண்டும். விதைத்த நிலத்துக்குள் கேட்காமல் இறங்காதீர்கள். மரம் வைத்தவரிடம் மட்டும் பேசிவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். வரப்புக்கு அந்தப் பக்கம் இருப்பவரையும் கேளுங்கள்.