ஒரு ஒழுங்கை தள்ளி

பேராசிரியர் பதவி உயர்வு விண்ணப்பத்தில் ஒவ்வொரு கள ஆய்வுக்கும் திகதி கேட்டிருந்தார்கள். எனக்கு அது சிரமமில்லை. விரிவுரையாளனான நாளிலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறேன். திகதி, கிழமை, மழை, ஏறிய பஸ்ஸின் இலக்கம்கூட இருக்கும். ஒரு ஞாயிறு முற்பகல், வெள்ளவத்தை வீட்டில் அவற்றைப் புரட்டியபோது முகத்துவாரத்தில் வீடுகள் நெருங்கிய ஒடுக்கமான ஒழுங்கை ஒன்றைப் பற்றிய குறிப்பு வந்தது. “வலப்பக்கக் கடைசி வீடு. முழங்காலளவு தண்ணீர். வீட்டுக்கார அம்மா குடிக்கப் பிளேன்ரீ தந்தார்.”

நான் கணினியில் வரைந்த வெள்ள வரைபடத்தில் அந்த வீடு காய்ந்த நிலத்தில் நின்றது.

வீடுகளின் புள்ளிகள் பழைய உள்ளூர் அளவைமுறையில் இருந்தவை. செய்மதிப் படத்தின் அளவைமுறைக்கு மாற்றாமலே அவற்றை அதன்மேல் வைத்திருக்கிறேன். எல்லா வீடுகளும் ஒரே திசையில் ஒரு ஒழுங்கை தூரம் சேர்ந்து நகர்ந்ததால் திரையில் எதுவும் கோணலாகத் தெரியவில்லை. முதலாம் வருட மாணவர்களை முதல் வாரத்திலேயே நான் எச்சரிக்கும் பிழை. அந்த வரைபடத்தைப் பார்த்துத்தான் வெள்ளம் ஏறும் வீட்டுக்காரர்களுக்கு அரசாங்க மாடிவீடு கொடுத்தார்கள். என் விண்ணப்பமும் அதன்மேல்தான் நின்றது.

எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மத்தியானம் வழக்கம்போலச் சாப்பிட்டேன்.

மறுநாள் பக்கத்து அறை விரிவுரையாளரிடம் பிழையைச் சொன்னேன். அவர் சொன்னார்:

“ஐசே, இதை ஆர் பாக்கப்போறாங்கள்? முதல்ல நீர் பேராசிரியர் ஆகும். பிறகு ஆறுதலாத் திருத்தலாம்.”

அன்று பின்னேரம் கொட்டாஞ்சேனையில் பஸ்ஸால் இறங்கி அந்த ஒழுங்கைக்கு நடந்தேன். அந்த அம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

“மெஷினோட வந்த சேர் தானே? அடுத்த ஒழுங்கைக்கெல்லாம் மாடிவீடு குடுத்தாச்சு. எங்க வீடு மெப்புல நனையலையாம். தண்ணிக்கு மெப் பார்க்கத் தெரியாதே, சேர்.”

சுவரில் பிறகு வந்த வெள்ளத்தின் கறை அவருடைய இடுப்பளவுக்கு ஏறியிருந்தது. பிழை என்னுடையது என்றேன்.

“அப்ப வீட்டு லிஸ்ட்ல எங்க பேர் வருமா?”

“தெரியாது. என்ர பிழை எண்டு கடிதம் குடுப்பன்.”

“குடுங்க. எனக்கும் ஒரு கொப்பி தாங்க.”

கடிதத்தை மாடிவீட்டு அலுவலகத்தில் கொடுத்தேன். பட்டியல் மூடியாகிவிட்டது, அடுத்ததில் பார்ப்போம் என்றார்கள். பதவி உயர்வு விண்ணப்பத்தை அனுப்பாமல் நிறுத்திக்கொண்டேன். வியாழக்கிழமை அந்த அம்மா கேட்ட பிரதியைக் கொண்டுபோனேன். வாசலிலேயே வாங்கி, எழுத்துக்கூட்டி முழுவதும் வாசித்து, மாதா படத்துக்குப் பின்னால் செருகினார்.

அன்றைய குறிப்பில் திகதியும் கிழமையும், மழை இல்லை என்பதையும் எழுதினேன். பிளேன்ரீ தரவில்லை என்பதையும் எழுதினேன்.