ஸ்டெல்லா அக்காவின் கணினித் திரை

சான்ட்ரிங்ஹாம் கடைத்தெருவில் காய்கறி வாங்கிக்கொண்டிருந்தபோது ஸ்டெல்லா அக்காவின் கணவர் அன்ரன் அண்ணாவின் அழைப்பு வந்தது. "ஸ்டெல்லா போயிட்டா, முரளி" என்றார். கூடையை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்தேன். பஸ் வந்தது, ஏறவில்லை. அடுத்ததிலும் ஏறவில்லை. நடந்துகொண்டே இருந்தேன். அன்றிலிருந்து ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. இந்த அஞ்சலியைக்கூட எழுந்து எழுந்து போய்வந்துதான் எழுதுகிறேன்.

அக்காவை அறிந்த உங்களுக்கு இது புரியும். நிம்மதியாக உட்கார்ந்திருந்த ஸ்டெல்லா அக்காவை நம்மில் யார் பார்த்திருக்கிறோம்? மனுகாவில் ஒரே அலுவலகத்தில் பல வருடங்கள் வேலை பார்த்தோம். மன்னாரிலிருந்து வந்த அவர் கணக்குகளைப் பார்த்தார். மதுரையிலிருந்து வந்த நான் கணினிகளைப் பார்த்துக்கொண்டேன்.

ஒருநாள், தன் பழைய மடிக்கணினியில் புதிய இயங்குதளம் ஏறாதாம் என்று வந்து நின்றார்.

"புதுசா ஒண்ணு வாங்கிடுங்கக்கா."

"நல்லா ஓடுற சாமானை ஏன் எறியோணும்? லினக்ஸ் எண்டு ஒண்டு சும்மா கிடைக்குதாம். அதைப் போடப்போறன்."

"நான் அதைத் தொட்டதே இல்லையே."

"அப்ப ரெண்டு பேரும் சேர்ந்து பழுதாக்குவம்."

கிளென்ஃபீல்டில், அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அப்படியே நடந்தது. லினக்ஸ் ஏறியது, வைஃபை போனது. பழையதையே போட்டுவிடலாம் என்று கெஞ்சினேன். "சும்மா இரும். உடைஞ்சால் திருப்பிப் போடலாம்" என்றார். சோறு ஆறிப்போனது. மாலையில் வைஃபை வந்தது.

அதன் பிறகு அந்தத் திரை ஒருவாரம்கூட ஒரே மாதிரி இருந்ததில்லை. கீழே இருந்த பட்டை இடப்பக்கம் போகும், மேலே ஏறும், காணாமலும் போகும். நிறம் மாறும், எழுத்து மாறும். திங்கட்கிழமை காலையில் கோட்டைக் கழற்றும் முன்பே கைபேசியில் படம் காட்டுவார். போன வாரத்தது நன்றாகத்தானே இருந்தது என்றால், "நல்லாத்தான் இருந்தது. அதுக்கு?" என்பார்.

பிறகு எல்லாவற்றையும் தமிழுக்கு மாற்றினார். ஒரு மதியம் என் மேசைக்கு வந்தவரின் முகம் சரியில்லை. உறைந்துபோன ஒரு செயலியை மூடப் போனால், பட்டனில் 'கொல்' என்று இருந்திருக்கிறது.

"கம்ப்யூட்டர்ல அப்படித்தான் சொல்லுவாங்கக்கா. இங்கிலீஷ்ல 'கில்'னு இருக்கிறதை அப்படியே போட்டிருக்காங்க."

"முரளி, சண்டையில போன என்ரை தம்பியைப் பற்றிக் கதைக்கேக்கை எங்கட வீட்டில இன்னும் ஒருத்தரும் அந்தச் சொல்லைச் சொல்லுறேல்லை. ஒரு மெஷினுக்கு நான் ஏன் சொல்லோணும்?"

இதை மொழிபெயர்ப்பவர்கள் தன்னார்வலர்கள், யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பலாம் என்று மட்டும் சொன்னேன். அன்றே அனுப்பினார். மூலத்தில் அப்படித்தான் இருக்கிறது என்று பதில் வந்தது. மறுபடி அனுப்பினார். பதிலே இல்லை. மறுபடியும். மாதங்கள் கழித்து ஒரு புதுப்பிப்பில் 'நிறுத்து' என்று வந்தது. கேக் வாங்கிவரட்டுமா என்றேன். "கேக்கை விடும். அடுத்தது, அழிக்கிற ஃபைல் போற இடத்துக்கு 'குப்பை' எண்டிருக்கிறது. அதுவும் எனக்குப் பிடிக்கேல்லை" என்றார்.

நோய் வந்து படுத்தபோதும் மடிக்கணினி மடியில் இருந்தது. பார்க்கப் போனால் திரையைத் திருப்பிக்கொள்வார்.

"என்னக்கா செய்றீங்க?"

"ஒதுக்கிறன், துப்புரவாக்கிறன்."

அடக்கம் முடிந்த பிறகு அன்ரன் அண்ணா அந்த மடிக்கணினியை என்முன் வைத்தார். அண்ணா கணினியைத் தொட்டதே இல்லை. திறந்தேன். எப்போதும் நெரிசலாக இருந்த திரை வெறுமையாக இருந்தது. பட்டை இல்லை, மெனு இல்லை. அண்ணாவுக்கென்று பெரிய எழுத்தில் இரண்டே பட்டன்கள். ஒன்றில் 'மகளோட கதைக்க'. மற்றதில் 'முரளியைக் கூப்பிட'.

"இதை அமத்தட்டோ?" என்று கேட்டு, நான் சொல்லும் முன்பே அண்ணா இரண்டாவதை அழுத்தினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் சட்டைப்பையில் கைபேசி அடித்தது. எடுத்து "சொல்லுங்கண்ணா" என்றேன். அவர் திரையைப் பார்த்தே பேசினார். "ஓம் முரளி, சும்மாதான் எடுத்தனான்."

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அவருடைய பொறுமையின்மையைத்தான். உறுத்துகிற ஒன்றை, அது அப்படித்தான் என்று யாராவது சொன்னால் இப்போது எனக்கும் இருப்புக்கொள்வதில்லை. அந்த இருப்புக்கொள்ளாமை அடங்க வேண்டாம்.