துரையின் பாட்டனாருக்கு விழுந்த ஓட்டு

1. தமிழில் வந்த அழைப்பு

கேரிகன் துரை தமிழில் கூப்பிட்டால் யாருக்கோ வேலை போகப்போகிறது என்று அர்த்தம். சந்தோஷமாக இருந்தால் இங்கிலீஷ், சாதாரணமாக இருந்தால் பாசார் மலாய் என்கிற கடைத்தெரு மலாய், கோபம் வந்தால் தமிழ். அந்தத் தமிழை அவர் முன்ஷி வைத்துப் படிக்கவில்லை. தண்டவாளம் போடும் கேங்கோடு வெயிலில் நின்று பிடித்துக்கொண்டது. அதில் 'வாங்க' கிடையாது, 'போங்க' கிடையாது. வா, போ, தூக்கு, இறக்கு, டேய். இவ்வளவுதான் அவருடைய இலக்கணம்.

"டேய் நடேசா! இங்கே வாடா!"

கோலாலம்பூர் ரயில்வே ஆபீசில் அன்று அத்தனை டைப்ரைட்டர்களும் ஒரே நேரத்தில் நின்றன. நடேசன் என்பது நான்தான். இருபத்து நான்கு வயது, டைப்பிஸ்ட் கிளார்க், புரொபேஷன். என்னை நிரந்தரமாக்கும் காகிதம் பத்து நாளாகத் துரையின் மேஜையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது.

புரொபேஷன் என்றால் இன்றைய பிள்ளைகளுக்குச் சிரிப்பாக இருக்கலாம். எனக்கு அது பெண்டாட்டி விஷயம். நிரந்தரமானால் பிரிக்ஃபீல்ட்ஸில் குவார்ட்டர்ஸ் கிடைக்கும். குவார்ட்டர்ஸ் கிடைத்தால்தான் காமாட்சி கப்பல் ஏறுவாள். கல்யாணமாகி ஒன்றரை வருஷம், அதில் நாங்கள் சேர்ந்திருந்தது இருபது நாள். நானோ ஒரு கடையின் மாடியில் நாலு பிரம்மச்சாரிகளோடு ஒரே அறையில் கிடந்தேன். மன்னார்குடியிலிருந்து மாமனார் எழுதியிருந்தார்: "மாப்பிள்ளைக்குக் கூரை என்று ஒன்று ஏற்பட்டதும் தெரிவிக்கவும். கப்பல் எங்கும் ஓடிவிடாது." வாசித்தபோது ஆத்திரம் வந்தது. ஆனால் அவர் சொன்னதில் தப்பு என்ன?

உள்ளே போனேன். துரையின் முகம் வெந்த இறால் நிறத்தில் இருந்தது. மேஜைமேல் அயர்லாந்திலிருந்து வந்த செய்தித்தாள் விரிந்திருந்தது. அதன் கீழே என் காகிதத்தின் ஓரம் எட்டிப் பார்த்தது.

"என் தாத்தா எத்தனை ஓட்டு வாங்கினான்? படி!"

விரல் காட்டிய இடத்தைப் பார்த்தேன்.

"கோசோங், துவான்," என்றேன். துவான் என்றால் மலாயில் ஐயா. கோசோங் என்றால் சைபர், வெறுமை, ஒன்றுமில்லை.

"அடுத்த எலக்‌ஷன்?"

"கோசோங்."

"அதுக்கு அடுத்தது?"

ஐந்து தேர்தல் படிக்கவைத்தார். ஐந்திலும் கோசோங்.

2. பாலிக்ரோன் தொகுதியின் ஜாதகம்

இந்த வினை எப்படி வந்தது என்று சொல்கிறேன்.

துரைக்குச் சொந்த ஊர் அயர்லாந்தில் பாலிக்ரோன். சின்ன ஊர்தான், ஆனால் ஒரு காலத்தில் லண்டன் பார்லிமெண்டுக்குத் தனியாக ஒரு மெம்பரை அனுப்பிய ஊர். பிற்பாடு 'இத்தனை சின்ன ஊருக்குத் தனி மெம்பர் எதற்கு?' என்று தொகுதியையே கலைத்து, பக்கத்துப் பெரிய தொகுதியோடு சேர்த்துவிட்டார்கள். மறந்து போவதற்குள் அந்தத் தொகுதியின் தேர்தல் சரித்திரத்தை எழுதி ஊர்ப் பத்திரிகைக்கு அனுப்பவேண்டும் என்று துரைக்கு ஆசை. ஆசைக்குக் காரணம், தொகுதி இருந்த காலத்தில் பெரும்பாலும் அவருடைய பாட்டனார்தான் மெம்பர்.

என் டைப்பில் பிழை இருக்காது என்று பெயர். அதனால் கையெழுத்துப் பிரதி என்னிடம் வந்தது.

சும்மா சொல்லக்கூடாது, நம் ஊர்க் கோயில் தகராறுபோல நன்றாக இருந்தது. ஆதியில் அந்த ஊரில் பதின்மூன்று பேருக்குத்தான் ஓட்டு. அந்தப் பதின்மூன்று பேரையும் நியமித்தது கேரிகன் குடும்பம். பிறகு சட்டம் மாறி, ஓரளவு நல்ல வீட்டில் குடியிருப்பவர்களுக்கெல்லாம் ஓட்டு வந்தது. வீடுகள் கேரிகன் குடும்பத்தினுடையவை. யாருக்கு ஓட்டு என்று எல்லார் முன்னிலையிலும் உரக்கச் சொல்லவேண்டும், பக்கத்தில் கேரிகன் வீட்டுக் கணக்கப்பிள்ளை நிற்பார். எவனுக்குத் துணிச்சல் வரும்? ஒரே ஒரு தடவை வெளியூர் வக்கீல் ஒருவர் எதிர்த்து நிற்க வந்தாராம். தங்குவதற்கு ஊரில் ஒரே ஒரு விடுதி, அதுவும் கேரிகன் குடும்பத்தது. மனிதர் மழையில் நனைந்துகொண்டே திரும்பிப் போய்விட்டார்.

கடைசிப் பக்கத்தில் அட்டவணை. வருஷம், பெயர், ஓட்டு, குறிப்பு என்று நாலு கட்டம். பாட்டனார் பெயருக்கு நேரே ஐந்து இடத்திலும் ஓட்டுக் கட்டம் காலியாக இருந்தது. எதிர்ப்பவர் இல்லாத தேர்தலில் வாக்குப்பதிவே கிடையாது என்பது எனக்கென்ன தெரியும்? நான் தேர்தல் என்பதையே பார்த்ததில்லை. சர்க்கார் வேலைக்காரனுக்குத் தெரிந்தது ரிட்டர்ன், ஸ்டேட்மெண்ட், கட்டம்.

என் தோளுக்கு மேலிருந்து எட்டிப் பார்த்தார் ஹெட் கிளார்க் சின்னத்தம்பி ஐயா. யாழ்ப்பாணத்துக்காரர், தும்மினாலும் ஃபைல் நம்பர் போட்டுத் தும்முவார்.

"என்ன காணும், இதென்ன வெறுங்கட்டம்? ஆபீசில வெறுங்கட்டம் விடக்கூடாதெண்டு உமக்குத் தெரியாதோ?"

"துரையே விட்டிருக்காருங்க ஐயா."

"துரை அவசரத்தில விட்டிருப்பார். நாங்களெல்லோ பார்க்க வேணும். சைபரை அடிச்சுவிடும்."

எங்கள் டைப்ரைட்டரில் சைபர் கிடையாது, இங்கிலீஷ் பெரிய 'ஓ' எழுத்தைத்தான் அடிப்போம். வட்டவட்டமாக ஐந்து ஓ அடித்தேன். அடித்ததும் அட்டவணை பல் வரிசைபோல நிறைவாக இருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அன்று கிள்ளான் பாதையில் வெள்ளம். துரை தண்டவாள டிராலியில் ஓடவேண்டும், கப்பல் தபாலும் அன்றே போகவேண்டும். படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டு உறையை ஒட்டினார். பாலிக்ரோன் பத்திரிகையை நடத்தியவரோ கேரிகன் குடும்பத்துக்கு மூன்று தலைமுறை வேண்டாதவர். சைபர்களைப் பார்த்ததும் மனிதருக்கு வாயெல்லாம் பல். ஒரு எழுத்து மாற்றாமல் முதல் பக்கத்தில் போட்டுவிட்டார்.

3. அறையில் நடந்தது

"என் அக்கா எழுதுறா," என்று கடிதத்தை ஆட்டினார் துரை. "ரொட்டிக் கடையிலே படிச்சுச் சிரிக்கிறானாம்! மாதா கோயிலிலே சிரிக்கிறானாம்! உன்னை சைபர் போடச் சொன்னது யாரு?"

ஹெட் கிளார்க் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. அவருக்கு ஐந்து பெண்கள். நான் வாயை மூடிக்கொண்டேன். காமாட்சியின் கப்பல் கண்ணெதிரே மூழ்கிக்கொண்டிருந்தது.

அப்போது கதவைத் தட்டிவிட்டு சின்னத்தம்பி ஐயாவே உள்ளே வந்தார். கையில் ஒரு ஃபைல். முகத்தில் வேர்வை, ஆனால் குரல் நடுங்கவில்லை. இங்கிலீஷில் சொன்னார்:

"போடச் சொன்னது நான், ஸார். எனக்குச் சொன்னது இந்த சர்க்குலர்."

போன வருஷம் செந்தூல் வொர்க்‌ஷாப்பிலிருந்து வந்த வேகன் கணக்கு ரிட்டர்னில் யாரோ ஒரு கட்டத்தைக் காலியாக விட, ஒன்றுமில்லையா, எழுத மறந்ததா என்று தெரியாமல் இரண்டு வாரம் தந்தி பறந்தது. அதற்குப் பிறகு வந்த உத்தரவு அது: இனி இந்த ஆபீசிலிருந்து போகும் எந்தக் காகிதத்திலும் எந்தக் கட்டமும் காலியாக இருக்கக்கூடாது, ஒன்றுமில்லை என்றால் சைபர் போடவேண்டும், விதிவிலக்கு கிடையாது. கீழே கையெழுத்து, கேரிகன்.

துரை படித்தார். மறுபடி படித்தார். நாற்காலியில் உட்கார்ந்தார்.

"விதிவிலக்கு கிடையாது," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். இங்கிலீஷுக்கு வந்துவிட்டாரே என்று எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. ஆனால் கோபம் போன இடத்தில் துக்கம் வந்து உட்கார்ந்திருந்தது. "மக்கள் விரும்பி அனுப்பிய மனிதர் என்று வீட்டில் சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். ஒருத்தர்கூட ஓட்டுப் போட்டதில்லை. நானே எழுதினேன், எனக்கே தெரியவில்லை."

பார்க்கச் சகிக்கவில்லை. ஏதாவது ஆறுதல் சொல்லவேண்டும் என்று தோன்றியது. அட்டவணையின் கடைசி வரியில் என் கண் போயிற்று. ரகசிய ஓட்டுப் பெட்டி வந்தபிறகு நடந்த தேர்தல். துரையின் தகப்பனார் நின்றார், தோற்றார். தொண்ணூற்றொரு ஓட்டு. அந்த அவமானத்தில் மனிதர் சாகும்வரை ஊர்க் கடைத்தெருப் பக்கம் போகவில்லை என்று துரை எழுதியிருந்தார்.

"ஸார்," என்றேன், "உங்க குடும்பத்திலே உங்க அப்பாதான் ஸார் ஃபர்ஸ்ட்."

"என்னது?"

"பாட்டனார் அஞ்சு எலக்‌ஷன், கூட்டினா கோசோங். அப்பா ஒரே எலக்‌ஷன், தொண்ணூத்தொண்ணு. யாரும் பக்கத்திலே நின்னு மிரட்டாம போட்டது ஸார்."

சின்னத்தம்பி ஐயா என் காலை மிதித்தார். துரை என்னையே பார்த்தார். பிறகு அந்தக் கடைசி வரியைப் பார்த்தார். தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாரோ என்று பயந்தேன். சிரிக்கிறார்! கண்ணில் தண்ணீர் வரச் சிரித்து, மேஜையைத் தட்டி, "தொண்ணூற்றொன்று! பாவம், அப்பாவுக்கு இதை யாரும் சொல்லவில்லையே!" என்றார்.

"சைபருக்குப் பதிலா வெறும் கோடு போட்டுத் திருப்பி டைப் அடிச்சுத் தரட்டுமா ஸார்?"

"வேண்டாம். கணக்கு சரியாகத்தான் இருக்கிறது."

செய்தித்தாளைத் தூக்கி, கீழே இருந்த என் காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்ததும் சின்னத்தம்பி ஐயா என் தோளில் ஓர் அடி வைத்தார். "உமக்கு வாயில சனி, நாக்கில குரு, காணும்!" என்றார்.

போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் காமாட்சி குவாரன்டீன் முடிந்து வெளியே வந்தபோது முதல் கேள்வியே குவார்ட்டர்ஸைப் பற்றித்தான்.

"வீடு எப்படிங்க கெடச்சுது?"

"துரையோட தாத்தாவுக்கு ஒரு ஓட்டும் விழாததாலே."

வெயிலில் மூளை குழம்பிவிட்டது என்று நினைத்து, என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

4. பிஸ்கட் டின்

இதோடு முடித்திருந்தால் நான் கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொள்வீர்கள். மிச்சத்தையும் கேளுங்கள்.

பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் ரயில்வே ஆட்களுக்கு ஒரு வாசகசாலை இருந்தது. நான் அதன் செயலாளர். ஏழு வருஷம் தொடர்ந்து ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டேன். அதாவது, 'நடேசன் அண்ணே இருக்கட்டும்' என்று ஒருவர் சொல்வார், மற்றவர்கள் டீ வந்துவிட்டதா என்று பார்ப்பார்கள். எனக்கோ ஊரே என்னைத் தாங்குகிறது என்று நினைப்பு. துண்டை இரண்டு பக்கமும் தொங்கவிட்டு நடப்பேன்.

எட்டாம் வருஷம் ஆண்டறிக்கையை நானே டைப் அடித்தேன். பதவி, பெயர், பெற்ற ஓட்டு. கட்டம் காலியாக இருக்கக்கூடாதே! பழக்க தோஷம், விரல் தானாகப் போய் ஓ அடித்தது. அடித்துவிட்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

அந்த ஞாயிறு மத்தியானக் கூட்டத்தில் எழுந்து, யாராவது என்னை எதிர்த்து நில்லுங்கள் என்றேன். ஒரே சிரிப்பு. கடைசியில் கிள்ளான் கூட்ஸ் ஷெட் சவரிமுத்து கை தூக்கினார். புத்தகமெல்லாம் கிழிந்து கிடக்கிறது என்று என்னோடு அடிக்கடி சண்டை போடுபவர்.

"அண்ணே, அப்புறம் கோவிச்சுக்கக் கூடாது லா."

"கோவிச்சுக்கிட்டா என் பேரை மாத்திக்கிறேன். நில்லுங்க."

காலி பிஸ்கட் டின்னில் துளை போட்டோம். யார் யாருக்குப் போட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. எண்ணினோம். சவரிமுத்து இருபத்திரண்டு, நடேசன் பதினேழு.

வீட்டுக்குச் சிரித்துக்கொண்டே வந்தேன். காமாட்சி இடுப்பில் கை வைத்தாள்.

"தோத்துட்டு வந்து என்ன இளிப்பு?"

"பதினேழு பேருடி! யாரும் கேக்காம, யாருக்கும் பயப்படாம எம்பேரை எழுதியிருக்கான். ஏழு வருஷத்திலே ஒருத்தன் எழுதினதில்லே."

"அது யாரு அந்தப் பதினேழு பேரு?"

"தெரியாது. அதான் சங்கதியே!"

தொழிலில் நான் கற்றது ஒன்றுதான். காலியான கட்டத்தைக் கண்டால் நமக்குப் பிடித்ததை அதில் கற்பனை செய்துகொள்கிறோம். சைபர் என்றால் சைபர் என்று போடுங்கள். அப்போதுதான் ஒன்று என்ற எண்ணுக்கு மரியாதை வரும்.

ஓய்வு பெற்று ஊர் திரும்பியிருந்த கேரிகன் துரைக்கு எல்லாவற்றையும் எழுதினேன். நாலு மாதம் கழித்து ஒரு தபால் கார்டு வந்தது. இங்கிலீஷ் எழுத்தில், அதே கேங் தமிழ்:

"டேய் நடேசா. என் தாத்தாவை ஜெயிச்சே. என் அப்பனை இன்னும் ஜெயிக்கலே. மறுபடி நில்லு."

அடுத்த வருஷமும் நின்றேன். எத்தனை விழுந்தது என்று கேட்காதீர்கள். கோசோங் இல்லை.