கூர் மழுக்க ஒரு உப்புத்தாள்

இன்று செக்காலை ரோட்டில் ஒருவர், கத்தி தீட்ட எந்த நம்பர் உப்புத்தாள் நல்லது என்று கேட்டார். எனக்கு 1973 நினைவுக்கு வந்துவிட்டது.

அப்போது இரும்புச் சாமான் கடையில் வேலை பார்த்தேன். பின் தெரு ஆசாரியின் மனைவி, கத்திக்குத் தாள் கேட்டு வந்தார். நைசான நானூறாம் நம்பரை எடுத்து நீட்டினேன்.

"இதுல தேய்ச்சா பிளேடு மாதிரி கூர் வரும்க்கா."

"கூர் வர வேணாம் தம்பி. மழுங்கணும்."

மரம் அறுக்கும் மில்லில் ஆசாரிக்கு வலது கை விரல்கள் போய் மூன்று மாதம். அன்றிலிருந்து கத்தியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் படுக்கிறாராம்.

"ஒளிச்சு வச்சா வீட்டையே புரட்டித் தேடுறாக. கத்தி இருக்கட்டும், அறுக்காம இருந்தாப் போதும்."

சொரசொரப்பான அறுபதாம் நம்பரைக் கொடுத்து, கூர்மேல் குறுக்கே தேய்க்கச் சொன்னேன்.

நான்காம் நாள் ஆசாரியே வந்தார். இடது கையால் கத்தியை மேசைமேல் வைத்தார்.

"கூர் போயிருச்சு. நைஸ் தாள் குடு."

"இருப்பு இல்லண்ணே."

என் பின்னால் நைஸ் தாள் கட்டுக்கட்டாக இருந்தது. அதைப் பார்த்தார்.

"அவ இங்குட்டு வந்தாளா?"

நான் மேசையைத் துடைக்க ஆரம்பித்தேன். அவர் கத்தியை அங்கேயே விட்டுவிட்டுப் போனார்.

அதன்பின் பல வருஷம் உயிரோடு இருந்தார். தெருவில் என்னைக் கண்டால் மட்டும் எதிர்ப்பக்கம் போய்விடுவார்.

சரக்கை வைத்துக்கொண்டே இல்லை என்று நான் சொன்னது அந்த ஒருமுறைதான். நீங்கள் யாராவது அப்படிச் சொன்னதுண்டா?