மரச்சட்டம் மறைத்த கவிதைகள்

ஒஸ்லோவின் ரொம்சோஸ் பகுதியில் எங்கள் மேல்வீட்டில் வயதான அமெரிக்கப் பெண்மணி ஒருவர் இருக்கிறார். கவிஞர், ஓவியர். ஒவ்வொரு ஓவியத்தின் அடியிலும் தன் கவிதையைத் தூரிகையாலேயே எழுதியிருப்பார். இரண்டையும் பிரிக்கக்கூடாது என்பார். நகரில் அவரை அறிந்தவர்கள் மிகக் குறைவு.

பக்கவாதம் அவருடைய பேச்சைப் பறித்த பிறகுதான் ஒரு காட்சிக்கூடம் அவருடைய ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தது. சக்கர நாற்காலியில் அவரை அங்கே அழைத்துப் போனேன். முதல் ஓவியத்தைக் கண்டதும் என் கையை இறுக்கிப் பிடித்தார். கவிதை இருந்த இடத்தை அகலமான மரச்சட்டம் மறைத்திருந்தது. எல்லா ஓவியங்களிலும் அப்படித்தான்.

அங்கே வேலை செய்த தமிழ்ப் பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

“கவிதையள் எங்கை?”

“படம் மட்டும் எண்டால்தான் வடிவு எண்டு மேலிடத்திலை முடிவெடுத்தவை, அன்ரி. அவவும் வேண்டாமெண்டு சொல்லேல்லையே.”

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

“அவவாலை கதைக்க ஏலாது எண்டு தெரிஞ்சுதானே மறைச்சனியள்? இதைக் கழட்டும்வரை நாங்கள் இஞ்சையிருந்து போகமாட்டம்!”

வந்திருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் குரலைத் தாழ்த்தவில்லை. பொறுப்பாளர் ஓடிவந்து சமாதானம் சொன்னார், காப்பி தரவா என்றார். நான் அசையவில்லை. கடைசியில் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒரு சட்டத்தைக் கழற்றினார். வெளிப்பட்ட கவிதையை எல்லோருக்கும் கேட்க உரக்க வாசித்தேன்.

கவிஞர் அழவுமில்லை, சிரிக்கவுமில்லை. விரலால் அடுத்த ஓவியத்தைச் சுட்டிக்காட்டினார்.

பேச முடியாதவரின் அமைதியைத் தங்களுக்கு வசதியாக எடுத்துக்கொள்பவர்கள்மீது எனக்கு இன்னும் கோபம்தான். அதைத் தணித்துக்கொள்ள நான் முயல்வதில்லை.