அக்தர் பேகத்தின் ஆள்காட்டி விரல்

சேலை முந்தானையின் ஓரத்தை இடது கையால் இழுத்துப் பிடித்து, வலது ஆள்காட்டி விரலின் நகத்தை அதன்மேல் மெல்ல ஓட்டிப் பார்க்கிறார் அக்தர் பேகம். வழுவழுப்பான நைலக்ஸ் துணி. நகத்தின் விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத பிசிறு இருந்தாலும் நூல் மாட்டிக்கொள்ளும். இன்றைக்கு மாட்டவில்லை. "அல்ஹம்துலில்லாஹ்" என்று முணுமுணுத்துவிட்டுத்தான் பிரியாணி தேக்சாவின் பக்கம் திரும்புகிறார். அப்போதும் மூடியைத் தொடுவதில்லை. அதைத் திறக்க வேண்டியவர் கணவர் ஜமீர்.

கம்பைநல்லூர் பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் அவர்களுடைய தள்ளுவண்டிக் கடை. மதியம் தம் உடைத்தால் வாசனை எதிர்ச்சாரி மெடிக்கல் ஷாப் வரைக்கும் போகும். அக்தர் பேகம் நீளமான கரண்டியால் அள்ளிப் பரிமாறுவார். மற்றதெல்லாம் ஜமீரின் தலையில். வெங்காயம் நறுக்குவது, பூண்டு உரிப்பது, பார்சல் கட்டுவது, தட்டு கழுவுவது, கடைசியில் அடிப்பிடித்த தேக்சாவைக் கம்பிநார் போட்டுத் தேய்ப்பது. யாராவது பணத்தை அக்தர் பேகத்தின் கையில் நீட்டினால் ஜமீர் பாய்ந்து வருவார். "தட்டுல வைங்க, தட்டுல வைங்க. அவங்க கையில குடுக்காதீங்க."

பக்கத்தில் பூக்கடை போட்டிருக்கும் அன்பரசிக்கு இது நல்ல பொழுதுபோக்கு. "என்ன பாய், இன்னைக்கும் பாத்திரம் உங்களுக்குத்தானா? அக்கா கையில மருதாணியா?"

"மருதாணி இல்லம்மா. நகம்" என்பார் ஜமீர், வீட்டில் பிள்ளை பெற்றவள் படுத்திருக்கிறாள் என்று சொல்லும் குரலில்.

விஷயம் இதுதான். நாற்பத்து நான்கு வயதான அக்தர் பேகம் கேரம் ஆடுவார். பொழுது போகாமல் ஆடுகிற ஆட்டம் இல்லை. இந்தத் தாலுகாவில் அவர் முன்னால் உட்கார்ந்து தோற்றுப்போன ஆண்பிள்ளைகளைக் கூட்டி ஒரு கல்யாணத்துக்குப் பந்தி போடலாம். வீட்டில் உருது, கடையில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும் என்று நாள் முழுக்க ஓயாமல் பேசுகிறவர், பலகை முன்னால் உட்கார்ந்ததும் வாயைப் பூட்டிக்கொள்வார். ஒரு கண்ணைச் சற்றே சுருக்குவார். ஆள்காட்டி விரல் கட்டைவிரலில் இருந்து விடுபட்டு ஸ்ட்ரைக்கரைச் சுண்டும். அந்த அழகைப் பார்க்கத்தான் மாலையில் அவர் வீட்டு வாசலில் செருப்புகள் சேரும்.

ஸ்ட்ரைக்கரில் படுவது அந்த விரலின் நகம். அக்தர் பேகத்துக்கு வாய்த்த நகங்களோ பொரித்த அப்பளம். தொட்டால் உடையும், உடையாவிட்டால் ஏடு ஏடாக உரியும். கல்யாணமான நாளில் இருந்து தண்ணீரும் சோப்புத் தூளும் கம்பிநாருமாகக் கிடந்த கை. போன வருஷம் மாவட்டப் போட்டியில் ஆள்காட்டி விரல் நகம் சதை வரைக்கும் கிழிந்துவிட்டது. துணியைச் சுற்றிக்கொண்டு ஆடினார், தோற்றார். மாநிலப் போட்டிக்கு மாவட்டத்தில் இருந்து ஒரே ஒரு பெண்தான் போகலாம். அந்த இடம் வேறொருத்திக்குப் போயிற்று.

"அன்னிக்கு நான் தோக்கலைங்க. நகம் தோத்துப்போச்சு" என்று, லெக் பீஸ் கேட்டு நிற்பவரிடம்கூட இந்தக் கதையைச் சொல்லாமல் விட்டதில்லை.

வைத்தியம் பார்க்காமலும் இல்லை. பேன்சி ஸ்டோரில் நகத்தை உறுதியாக்கும் என்று சொல்லி ஒரு பாட்டில் கொடுத்தார்கள். நகம் கண்ணாடி போல உறுதியானது, கண்ணாடி போலவே உடைந்தது. தொழுகைக்கு ஒளு செய்யும்போது நகத்தில் தண்ணீர் பட வேண்டுமே என்று அதைத் தினமும் அழிக்க வேறு வேண்டியிருந்தது. அழிக்கிற மருந்து நகத்தைச் சுண்ணாம்பாக வெளுக்க வைத்தது. பூண்டு தேய்த்துப் பார்த்தார். முட்டையில் முக்கிப் பார்த்தார். "முட்டைய பிரியாணியில வெச்சா அஞ்சு ரூவா சேர்த்து வாங்கலாம்" என்றார் ஜமீர்.

கடைசியில் தருமபுரியில் ஒரு தோல் டாக்டரம்மாவிடம் போனார்கள். ரத்தப் பரிசோதனையில் இரும்புச் சத்து குறைவு என்று வந்தது, மாத்திரை எழுதினார். "நகம் கெட்டியா இருக்கணும்னு பாக்காதீங்க, வளையணும். தண்ணியில ஊறுறதும் காயறதுமா இருந்தா பிளக்கத்தான் செய்யும். கை கழுவினா உடனே தொடைச்சு எண்ணெய் தடவுங்க. அரம் போட்டா ஒரே பக்கமா போடுங்க. நகத்தால டப்பா தெறக்கறது, ஸ்டிக்கர் உரிக்கறது, எதுவும் கூடாது."

"சரிங்க டாக்டர். கேரம் ஆடலாங்களா?"

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "வேற விரல்ல ஆடக் கூடாதா?"

"என் கண்ணு இந்த விரல்லதாங்க இருக்குது."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "அப்ப அந்த விரலுக்கு வேற வேலையே குடுக்காதீங்க" என்று விளையாட்டாகச் சொன்னார். கூட நின்ற ஜமீர் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. ஊர் திரும்பும் பஸ்ஸிலேயே மனைவியின் கைப்பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். மறுநாள் காலையில் பூண்டுக் கூடை அவர் முன்னால் இருந்தது.

ஒரு நகம் அடியில் இருந்து நுனிக்கு வந்து சேர ஆறு மாதமாகும். இத்தனை வருஷம் அவசரமாக வாழ்ந்த அக்தர் பேகம் அதற்குக் காத்திருந்தார். தினமும் ஒளு செய்து தொழுது முடித்ததும் விரல் விரலாகத் துடைத்து, தேங்காய் எண்ணெயை நகக்கண்ணில் தேய்த்துவிட்டார். கேரம் பவுடர் விரலில் இருக்கிற ஈரத்தையெல்லாம் உறிஞ்சிவிடும் என்பதால் ஆட்டம் முடிந்ததும் இன்னொரு தடவை எண்ணெய். அடியில் இருந்து பளபளவென்று ஒரு புது நகம் கிளம்பி வந்ததை வாடிக்கையாளர்கள் எல்லாரும் பார்க்க வேண்டியிருந்தது. "பாருங்கண்ணா, கோடே இல்ல, பாத்தீங்களா?" என்று குழந்தையின் முதல் பல்லைக் காட்டுவதுபோலக் காட்டுவார்.

இந்த வருஷப் போட்டி தருமபுரியில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது. அக்தர் பேகம் மளமளவென்று இறுதிக்கு வந்துவிட்டார். எதிரில் பாப்பிரெட்டிப்பட்டி கோகிலவாணி, கல்லூரி மாணவி, பதற்றமே இல்லாத கை. முதல் ஆட்டம் அக்தர் பேகத்துக்கு, இரண்டாவது கோகிலவாணிக்கு. மூன்றாவதில் ஜெயிப்பவர் மாநிலப் போட்டிக்கு. நகம் நூல் அளவுகூடப் பிசகாமல் நின்றது. ஜமீருக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை.

இடைவேளையில் அவர் சும்மா இருந்திருக்கலாம். "காய்ஞ்சு கெடக்குது, குடு" என்று விரலைப் பிடித்து, சட்டைப் பையில் இருந்த எண்ணெய்ப் புட்டியைக் கவிழ்த்துத் தேய்த்துவிட்டார். துடைக்கச் சொல்ல மறந்துவிட்டார். பேச்சை நிறுத்தி ஆட்டத்துக்குள் போய்விட்ட அக்தர் பேகமும் கவனிக்கவில்லை. மூன்றாவது ஆட்டத்தின் முதல் அடியிலேயே ஸ்ட்ரைக்கர் வழுக்கி, பலகையில் எண்ணெய்க் கோடு விழுந்தது.

நடுவர் எழுந்துவிட்டார். "என்னம்மா இது? போயி கைய சோப்பு போட்டுக் கழுவிட்டு வாங்க."

சாப்பாட்டுக் கூடத்துக் கடைசியில் வரிசையாகக் குழாய்கள். எண்ணெய் போகிற வரைக்கும் கழுவ வேண்டியிருந்தது. சோப்பு, தண்ணீர், திரும்பவும் சோப்பு. ஊறிய நகத்தோடு வந்து உட்கார்ந்து பவுடரைத் தொட்டார். இத்தனை மாதமாக எதை விலக்கி வைத்தார்களோ அதுவே இப்போது நடந்துகொண்டிருந்தது. ஜமீரால் அங்கே நிற்க முடியவில்லை. சமையல்கட்டுப் பக்கம் வெளியே போய்விட்டார்.

ஆட்டம் இழுபட்டுக் கடைசிப் பலகைக்கு வந்தது. அக்தர் பேகத்துக்கு ஒரு வெள்ளை, கோகிலவாணிக்கு ஒரு கறுப்பு, நடுவில் சிவப்பு. சிவப்பைப் போட்டுத் தன் காயையும் தொடர்ந்து போடுகிறவருக்கு எல்லாம். அக்தர் பேகம் சுண்டினார். 'டிக்' என்று ஒரு சத்தம். ஸ்ட்ரைக்கர் கோணலாக ஓடிப் பலகையின் சட்டத்தில் முட்டி நின்றது. நகம் ஓரத்தில் இருந்து பாதிவரை பிளந்து, கொக்கிபோலத் தூக்கிக்கொண்டிருந்தது.

கோகிலவாணி சிவப்பைப் போட்டாள். கறுப்பு குழியின் விளிம்புவரை போய், விழாமல் நின்றுவிட்டது. நடுவர் சிவப்பை எடுத்துத் திரும்ப நடுவில் வைத்தார். இனி அவள் முறை வந்தால் ஊதினாலே கறுப்பு விழுந்துவிடும்.

"ஆன்ட்டி, ரத்தம் வருது" என்றாள் கோகிலவாணி. "கொஞ்ச நேரம் கேட்டுக்கங்க ஆன்ட்டி."

அக்தர் பேகம் விரலைப் பார்த்தார். ஆறு மாதப் பயிர். கோபமும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. பிறகு அந்த விரலை வாய்க்குள் வைத்து, பிளந்த துண்டைக் கடைவாய்ப் பல்லால் கவ்வி, ஒரே கடியில் இழுத்துக் கடித்தார். கூட்டத்தில் யாரோ "அய்யோ" என்றார்கள். கடித்த துண்டை முந்தானை நுனியில் முடிந்தார். ரத்தத்தைத் துடைத்தார். பவுடரைத் தொட்டு, ஸ்ட்ரைக்கரைக் கோட்டில் வைத்தார். ஒரு கண் சுருங்கியது. பச்சைச் சதையால் சுண்டினார். சிவப்பு விழுந்தது. ஸ்ட்ரைக்கரை மறுபடி வைத்தார். வலியில் உதடு கோணியது, கை கோணவில்லை. வெள்ளையும் விழுந்தது.

கூடமே எழுந்து கத்தியது. அக்தர் பேகம் கோகிலவாணியின் தலையைத் தடவிக்கொடுத்துவிட்டு நேராக வெளியே நடந்தார். சமையல்கட்டுச் சுவரைப் பார்த்தபடி ஜமீர் நின்றுகொண்டிருந்தார். திரும்பவே இல்லை.

"நகம் போச்சா?"

"போச்சுங்க."

"என்னாலதான். என் புத்தி..."

உள்ளே ஒலிபெருக்கி, மாநிலப் போட்டிக்குத் தேர்வானவர் கம்பைநல்லூர் அக்தர் பேகம் என்று அறிவித்தது. ஜமீர் சரியாகத்தான் கேட்டோமா என்பதுபோலத் திரும்பினார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நாலு பேர் முன்னால் கணவர் பெயரைக்கூடச் சொல்லாத அக்தர் பேகம், கூடத்துப் படிக்கட்டு நிறைய ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்க, ரத்தம் காயாத அந்த விரலைக் கட்டைவிரலில் மடக்கி, ஒரு கண்ணைச் சுருக்கிக் குறி பார்த்து, அவருடைய நெற்றியில் நங்கென்று ஒரு சுண்டு சுண்டினார்.