தன் தப்பை ஊருக்கெல்லாம் போன் போட்டுச் சொன்ன அன்சர்

அன்சர் போய்விட்டான்.

காலையில் அவன் மனைவி மும்தாஜ் போன் செய்தார். நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தானாம்... ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

காரிமங்கலம் ரோட்டில் கார் மாடிஃபிகேஷன் ஷெட் வைத்திருந்த அதே அன்சர்தான். இதைப் படிக்கிற பல பேர் அவனிடம் வண்டி விட்டிருப்பீர்கள்.

சோகமாக எழுத உட்கார்ந்தேன். வரவில்லை. அவனை நினைத்தாலே உற்சாகம்தான் வருகிறது, என்ன செய்ய?

ஷெட் போடுவதற்கு முன்னால் நாங்கள் இரண்டு பேரும் தர்மபுரி பைபாஸ் பக்கம் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தோம். நான் எலக்ட்ரிக்கல். சைலன்சரை மாற்றி, குழாயை அகலமாக்கி, சாது வண்டியை உறும வைப்பது அவன் டிபார்ட்மென்ட்.

அந்த வேலைக்கு வருகிறவர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள். புகைக்குழாயில் இரண்டு ஆக்ஸிஜன் சென்சார் இருக்கிறதே, பின்னால் இருப்பது எதற்கு?

அன்சர் யோசிக்கவே மாட்டான். "முன்னாடி இருக்கறவன்தாங்க பெட்ரோல் அளவு சொல்றவன். பின்னாடி இருக்கறவன் சும்மா வாட்ச்மேன். பொகைய சுத்தம் பண்ற டப்பா வேல செய்யுதான்னு பாத்துட்டு குந்தியிருப்பான். அவனக் கண்டுக்காதீங்க!"

சைலன்சர் மாற்றிய பிறகு மைலேஜ் குறைந்துவிட்டது என்று யாராவது திரும்பி வந்தால், அதற்கும் பதில் ரெடி. "உங்க காலு கொஞ்சம் வெயிட்டுங்க. மெதுவா மிதிங்க."

அப்புறம் எங்கள் சொந்த வண்டி வந்தது.

ரேஸ் ஓட்ட வேண்டும் என்று இரண்டு பேரும் சேர்ந்து வாங்கிய பழைய சிவப்பு ஹேட்ச்பேக். புகைக்குழாய் முழுக்க அன்சர் தன் கையால் வெல்டிங் செய்தது. அவ்வளவு அழகு!

ஸ்டார்ட் செய்தால் பெட்ரோல் நாற்றம். குழாய் வாயில் கரி. ஸ்பார்க் பிளக் எல்லாம் கருப்பு.

முன் சென்சாரைப் புதிதாக மாற்றினோம். பெட்ரோல் பீச்சும் இன்ஜெக்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தோம். ஒன்றும் நடக்கவில்லை. ரேஸோ வருகிற ஞாயிற்றுக்கிழமை...

கடைசியில் நான், சென்சார்கள் சொல்வதைப் படித்துக் காட்டும் ஸ்கேனரைப் போட்டேன். தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தவன் திடீரென்று கேட்டான்: "மாப்ள, அந்த வாட்ச்மேன் என்னடா சொல்றான்?"

பின் சென்சார், பெட்ரோல் போதவில்லை, போதவில்லை என்றே காட்டிக்கொண்டிருந்தது. குழாயில் கரி அப்பிக் கிடக்கிறது, இது பட்டினி என்கிறது! வண்டியின் கம்ப்யூட்டரும் அதை நம்பிக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே இருந்தது.

அன்சர் ஓடினான். இன்ஜினை நிறுத்தி, சைலன்சர் வாயில் புளோயரைச் சொருகி, சோப்புத் தண்ணீரோடு வண்டிக்கு அடியில் நுழைந்தான்.

பின் சென்சாருக்குச் சற்று முன்னால், அவனே வெல்டிங் வைத்த இடத்தில், குமிழி குமிழியாக நுரை வந்தது. மயிரிழை ஓட்டை. வண்டி ஓடும்போது அது வழியாக வெளிக்காற்று உள்ளே போகிறது. சென்சார் அந்தக் காற்றைப் பார்த்துவிட்டுப் பெட்ரோல் குறைவு என்று நினைத்துக்கொள்கிறது.

வேறு யாராக இருந்தாலும் முகம் சுருங்கியிருக்கும். இவன் தாடியெல்லாம் சோப்பு நுரையோடு வெளியே வந்து குதிக்கிறான்!

"வாட்ச்மேன் இல்லடா அவன்! அவன் பேச்சயும் கேட்டுத்தான்டா பெட்ரோல் ஊத்துது! இத்தன நாளா நான் சொன்னது அத்தனையும் தப்புடா மாப்ள! தப்பு!"

என்னைக் கட்டிப்பிடித்ததில் என் சட்டையும் நனைந்துபோனது.

ஓட்டையை அடைத்தோம். தொப்பூர் கணவாயில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போகும்போது, பக்கத்து சீட்டில் ஸ்கேனரை வைத்துக்கொண்டு கிரிக்கெட் கமென்ட்ரி மாதிரி நம்பர் நம்பராகக் கத்திக்கொண்டே வந்தான். "எறங்குதுடா... எறங்குது... நார்மலு!"

ரேஸில் கடைசிக்கு முந்தின இடம். அதற்கும் ஆடினான்.

திங்கட்கிழமை காலை போனை எடுத்தான். பழைய கஸ்டமர் ஒவ்வொருவருக்கும் கூப்பிட்டான்.

"அண்ணா, அன்சர் பேசறனுங்க. உங்க காலு மேல தப்பில்லீங்க. தப்பு என்னுது! எல்லா வண்டியும் அப்பிடி இல்ல, செல வண்டில பின் சென்சாரும் பெட்ரோல மாத்துதுங்க. எடுத்துட்டு வாங்க, பாத்துரலாம்!"

முதலாளி அவனை உள்ளே கூப்பிட்டார். கண்ணாடிக் கதவு என்பதால் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. "கடை பேரக் கெடுக்கறியாடா?"

"இல்லீங்ணா! நம்ம தப்ப நாமளே கண்டுபுடிச்சிட்டோம்ணா! எவ்ளோ பெரிய விசயம்ணா இது!"

வேலை போய்விட்டது.

டூல்ஸ் பையோடு நேராக என்னிடம் வந்தான். ஆறுதல் சொல்ல வாயைத் திறந்தேன். அவன் கையை நீட்டினான். "உன் போனக் குடுறா. இன்னும் பாதிப் பேருக்குச் சொல்லல. என்னுதுல சார்ஜ் இல்ல."

சொன்னபடி வண்டிகள் வந்தன. நிறுத்த இடமில்லை. காரிமங்கலம் ரோட்டில் காலியாகக் கிடந்த இடத்தில், வெயிலில் தார்ப்பாய் கட்டி, ஒவ்வொன்றின் அடியிலும் படுத்துப் பார்த்தான். நானும் வேலையை விட்டுவிட்டு அங்கே போய்ச் சேர்ந்தேன். இன்று ஷெட் இருப்பது அந்த இடத்தில்தான்.

மைலேஜ் இல்லை என்று காரையே விற்றுவிட இருந்த ஒரு அரூர் டீச்சர், வண்டி சரியான மறுவாரமே குடும்பத்தோடு தீர்த்தமலை போய் இறங்கி, அங்கிருந்தே போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டு ரோட்டில் போகிறவர்களுக்கெல்லாம் கேட்க வைத்தான், பாவி.

இன்று அவன் வீட்டுக்குப் போனேன். மும்தாஜ் அழுது ஓய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"நேத்து ஒரு புது மாடல் வண்டி வந்துச்சுங்கண்ணா. அதுல என்னமோ புதுசா கண்டுபுடிச்சிட்டேன்னு சோறு கூடத் திங்காம சொல்லிட்டே இருந்தாரு. காலைல உங்ககிட்ட சொல்லணும்னாரு. எனக்குத்தான் ஒண்ணும் புரியல..."

ஷெட்டில் அந்த வண்டி லிஃப்டில் ஏற்றியபடியே நிற்கிறது. அடியில் போய் நின்று ரொம்ப நேரம் பார்த்தேன். எனக்கும் ஒன்றும் தெரியவில்லை.

என்னடா கண்டுபிடித்தாய், மாப்ள?

சரி, போ... இந்நேரம் அங்கே யாரையாவது பிடித்து வைத்துச் சொல்லிக்கொண்டிருப்பாய்.